ஒரு பாலாடைத் தண்ணீர்

மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேதி தொடங்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாந்தியும் சேர்ந்துகொண்டது. எட்டு மணிக்கெல்லாம் வெறும் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா எங்களோடுதான் இருந்தார். "பேதி போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதீங்கடா, குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் சொல்கிறாரே என்று கேட்டுக்கொண்டோம். குழந்தை டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது. நாங்கள் டம்ளரை எடுத்து அடுப்படியில் மறைத்து வைத்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒன்பது மணிக்கு அழுகை நின்றுவிட்டது. நின்றதுதான் பயமாக இருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன, உதடு காய்ந்து வெடித்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த சின்ன மருத்துவமனைக்கு ஓடினோம். உள்ளே நுழைந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை." அவர் பதில் சொல்லவில்லை. குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே விரியாமல் மெதுவாகத் திரும்பியது. ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து உதட்டில் வைத்தார். மகள் ஸ்பூனையே கடித்துவிடுவதுபோல் உறிஞ்சினாள். "வாயால இவ்வளவு ஆசையா குடிக்கிற பிள்ளைக்கு எதுக்குங்க ஊசி?" என்று சொல்லிவிட்டு, ஓ.ஆர்.எஸ். என்ற பொடிப் பொட்டலத்தின் பெயரை எழுதி நர்ஸிடம் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவே இல்லை. பாட்டில் தொங்கும், குழாய் வரும், ஏதோ இயந்திரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பொட்டலம். அதை நாங்களே கலந்து நாங்களே கொடுக்க வேண்டுமாம். பெஞ்சில் உட்கார்ந்து மனைவியிடம், "நம்மளப் பாத்தா காசில்லாதவங்க மாதிரி தெரியுது போல" என்றேன். நர்ஸ் காதில் அது விழுந்திருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர். எதுவும் காட்டிக்கொள்ளாமல், "தம்பி, வீட்ல பாலாடை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் உள்ளேயிருந்து ஒரு பாலாடையைக் கொதிநீரில் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கினார். "இதுல பாதிக்கு மேல நாலு மணி நேரத்துல உள்ள போகணும். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம். அவசரப்பட்டா வாந்தி எடுப்பா. எடுத்தா பத்து நிமிஷம் சும்மா இருந்துட்டு, மறுபடி இன்னும் மெதுவா."

அந்தத் தாழ்வாரத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனைவி மடியில் மகள், என் கையில் பாலாடை, எதிரே சுவர்க் கடிகாரம். ஐந்தாவது முறை கொடுத்தபோது அத்தனையையும் வாந்தி எடுத்தாள். நான் எழுந்து சண்டைக்குப் போகத் தயாரானேன். நர்ஸ் வந்து, "பத்து நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி தொடங்கினோம். ஒரு மணி வாக்கில் மகள் திடீரென்று வீறிட்டு அழுதாள். நர்ஸ் ஓடி வந்து டார்ச் அடித்துப் பார்த்து, "கண்ணீர் வருது பாருங்க!" என்றார். குழந்தையின் கண்ணீரைப் பார்த்து மூன்று பெரியவர்கள் சிரித்த ராத்திரி அது. அப்புறம் சிறிது நேரத்தில் என் சட்டை நனைந்தது. சிறுநீர்.

குழந்தை பிழைத்தாள். கோபம் போய்விட்டது. ஆனால் அது ஏன் வந்தது என்ற கேள்வி மட்டும் போகவில்லை. கையிலேயே மருந்து இருந்தும் அதை மருந்து என்று என்னால் ஏன் பார்க்க முடியவில்லை? நான் ஆசிரியர். பிள்ளைகளுக்கு 'மாற்றி யோசி' என்று சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பயிற்சிக்குப் போனால் ஒன்பது புள்ளிகளை நான்கு கோடுகளால் இணைக்கச் சொல்வார்கள், இணைத்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில் எங்கே, பாட்டில் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தப் பொட்டலத்தின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இத்தனை ஆண்டுகளில் கடினமான ஒரு சிக்கலை மனிதர்கள் எப்படி அவிழ்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல கதையை நான் படித்ததில்லை.

பொங்காவ், 1971

கிழக்கு வங்கத்தில் போர். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம், முகாம்கள், ஒரே குளத்துத் தண்ணீர், அப்புறம் காலரா. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் இருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், எல்லையோர ஊரான பொங்காவுக்கு ஜூன் மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையிலேயே கிடந்தார்கள். நரம்பில் சலைன் ஏற்ற வேண்டுமானால் அவர்களுடைய வாந்தியிலும் மலத்திலும் முழங்கால் போட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். வந்து 48 மணி நேரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று. சலைன் போதாது. அவர் குழுவில் ஊசி வழியாக ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

இந்த 48 மணி நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அங்கே என்னை நிறுத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கல்கத்தாவுக்குத் தந்தி அடித்திருப்பேன். பாட்டில் அனுப்புங்கள், ஆள் அனுப்புங்கள், லாரி அனுப்புங்கள். நேர்மையான எந்த மனிதனும் அதைத்தான் செய்வான், அதில் தப்பும் இல்லை. நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றுவது நல்ல மருத்துவம். 1832-ல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு அப்படி ஏற்றிப் பார்த்ததிலிருந்து தொடங்கிய வழி அது. நல்ல வழி என்பதாலேயே அதிலிருந்து கண்ணை எடுப்பது கஷ்டம். தப்பான வழியாக இருந்தால் நாமே விட்டுவிடுவோம். சரியான வழி எட்டாத தூரத்தில் இருக்கும்போதுதான் மனிதன் அங்கேயே நின்று ஏங்கிக்கொண்டு இருக்கிறான்.

மஹலனாபிஸ் திரும்பிப் பார்த்தார். அறையில் பாட்டில் இல்லை, மருத்துவர் இல்லை, நர்ஸ் இல்லை. வேறு யார் இருந்தார்கள்? ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு அம்மாவோ அக்காவோ கணவரோ உட்கார்ந்திருந்தார்கள். விசிறிக்கொண்டு, அழுதுகொண்டு, செய்ய ஒன்றும் இல்லாமல். அந்த அறையில் குறையாமல் இருந்த ஒரே பொருள் அவர்களுடைய கைகள்தான்.

கல்கத்தா மையத்தின் நூலக அறையில் பொடி கலந்தார்கள். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. பாலிதீன் பைகளில் போட்டு, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். முகாமில் பெரிய டிரம்களில் சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்தார்கள். கூட இருந்தவர்கள் டம்ளரிலும் கிண்ணத்திலும் பிடித்துக்கொண்டு போய் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். முதலில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு வந்தது. நினைவு தப்பியவர்களுக்கும் குடிக்கவே முடியாதவர்களுக்கும் மட்டும் கையிருப்பு சலைனை வைத்துக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலியில்கூட இந்தக் கலவையின் செய்முறை ஒலிபரப்பானது.

குடலுக்குள் ஒரு கதவு

இதை அவர் தனியாக வானத்திலிருந்து பறிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். பேதியின்போது குடல் வேலையை நிறுத்திவிடுகிறது, அதற்கு ஓய்வுதான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ உலகமே நம்பியது. என் அம்மா சொன்னதும் அதைத்தான். வெறும் தண்ணீர் கொடுத்தால் அது வெளியே போவதும் உண்மைதான், அம்மா கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் 1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு செய்தி சொன்னார். குடல் சுவரில் குளுக்கோஸும் உப்பில் இருக்கிற சோடியமும் சேர்ந்து நுழைகிற ஒரு வழி இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது அந்த வழியில் போகாது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு குடலிலிருந்து தண்ணீரை வெளியே கொட்டவைக்கும்போதும் இந்த ஒரு கதவு மட்டும் கெடாமல் இருக்கும். வீடு எரியும்போது பின்கட்டுக் கதவு திறந்தே கிடந்த மாதிரி.

கிரேன் சொல்வதற்கு முன்பே சிலர் இருட்டில் தடவி அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்கள். கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்து, 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். கூடவே கற்பூரவல்லி இலைச்சாறும் கொடுத்திருக்கிறார். நம் வீட்டுத் தொட்டியில் இருமலுக்கு வளர்க்கிறோமே, அதே செடி. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கு போதவில்லை என்பதால் அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு ஆண்டுகள். அதே ஊர், அதே நோய், அதே உப்பு. இந்தப் பதினெட்டு ஆண்டுகளை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

ஆனால் கணக்கு கேட்டவர்களையும் திட்ட முடியாது. 1962-ல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் இதே எண்ணத்தோடு ஒரு கரைசலை முயன்று பார்த்தார். உப்பின் அளவு அதிகம். சில நோயாளிகள் இறந்துபோனார்கள். முயற்சி அங்கேயே நின்றது. எண்ணம் சரி, அளவு தப்பு. அளவு தப்பினால் நல்ல எண்ணமும் ஆளைக் கொல்லும். புதிதாக யோசிப்பது என்றால் கட்டுப்பாடில்லாமல் பறப்பது என்று நினைக்கிறவர்கள் மணிலாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு 1968-ல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், நோயாளியிடமிருந்து எவ்வளவு நீர் போகிறது என்று அளந்து அதே அளவை வாய் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நரம்பு வழி நீரின் தேவை 80 சதவீதம் குறைந்தது. வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் அது பயிற்சி பெற்றவர்கள் மருத்துவமனைக்குள் அளந்து கொடுக்க வேண்டிய சிகிச்சை என்றுதான் பெரியவர்கள் கருதினார்கள்.

ஆகவே, பொங்காவில் மஹலனாபிஸ் கண்டுபிடித்தது என்று கேட்டால், உப்பும் அல்ல, சர்க்கரையும் அல்ல. கலவை ஏற்கெனவே இருந்தது. டம்ளரை யார் கையில் கொடுக்கலாம் என்பதைத்தான் அவர் மாற்றினார். படிக்காத, பயந்துபோன, மூன்று நாள் தூங்காத ஒரு அகதித் தாய் இதைச் சரியாகச் செய்வாள் என்று நம்பினார். ஒரு மருத்துவர் அந்த நம்பிக்கைக்கு வருவதற்கு எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவருடைய கட்டுரை 1973-ல் வந்தது. அதற்குள் உலக சுகாதார நிறுவனத்தின் தீமன் பருவா முகாமுக்கு வந்து நேரில் பார்த்திருந்தார். பிறகு அதை உலகம் முழுக்க எடுத்துப்போனவர்களில் அவர் முக்கியமானவர். 1978-ல் 'லான்செட்' தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது.

பெயரில் இருந்த சூட்சுமம்

படித்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அந்த டிரம்களில் வந்தது என்ன என்று முகாம் மக்களிடம் எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? 'வாய் வழி சலைன்'. சலைன் என்றால் உயிர் காக்கிற மருந்து, பாட்டிலில் வரும், நரம்பில் ஏறும் என்று மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதே மருந்துதான், வாயால் குடிக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று அந்தப் பெயரே சொல்லிவிட்டது. வங்காளத்தில் இன்றுவரை அதைச் சலைன் என்றே சொல்கிறார்கள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து கோபப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இப்படி ஒருவன் கோபப்படுவான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் என்று சொன்னால், எங்களை ஏழை என்று ஏமாற்றுகிறீர்களா என்று அவன் கேட்பான், அவன் மனசு கோணாமல் கொடுக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவர்களுடைய மரியாதையையும் சேர்த்து யோசித்த மனசு அது. எனக்கு அந்தப் பொடியைவிடவும் இந்தப் பெயர்தான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. குடலுக்குள் இருக்கிற கதவை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். மனிதன் மனசில் இருக்கிற கதவு எங்கே என்று தெரிய, அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

மூன்று விரல், ஒரு கைப்பிடி

போர் முடிந்து வங்கதேசம் பிறந்த பிறகு வேறொரு சிக்கல் வந்தது. கிராமம் கிராமமாகப் பொட்டலம் அனுப்ப அந்த நாட்டில் வசதி இல்லை. வீட்டில் இருக்கிற உப்பையும் வெல்லத்தையும் வைத்தே கலக்கச் சொல்லலாம் என்றால் மணிலா பயம் இருக்கிறது, உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. எந்த வீட்டிலும் தராசு இல்லை, அளவு ஸ்பூன் இல்லை, எழுதிக் கொடுத்தால் படிக்க ஆள் இல்லை. பிராக் (BRAC) என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் தாயின் கையையே அளவாக்கியது. மூன்று விரல் சேர்த்து ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். வங்காளத்தில் 'லோபோன் குர்', உப்பு வெல்லம். 1980-லிருந்து பத்து ஆண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போய், ஒவ்வொரு தாயையும் கலக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தாய்மார் கலக்கிய நீரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் உப்பளவைச் சோதித்தார்கள்.

சொல்லிக்கொடுக்கப் போன பெண்களுக்குச் சம்பளம் தரும் முறையையும் அவர்கள் யோசித்துச் செய்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துப் பணம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அதே தாயை நினைவிலிருந்து சொல்லவும் கலக்கவும் வைப்பார். அவள் சரியாகச் செய்தால்தான் சொல்லிக்கொடுத்தவருக்கு முழுப் பணம். ஆசிரியனான எனக்கு இது சுரீரென்று பட்டது. நான் பாடம் நடத்தி முடித்ததைத்தான் குறிப்பேட்டில் எழுதுகிறேன், பிள்ளை கற்றதை அல்ல.

இத்தனைக்குப் பிறகும் தாய்மாருக்குச் செய்முறை தெரிந்ததே தவிர, பிள்ளைக்குப் பேதி வந்தபோது செய்தவர்கள் குறைவு. ஏன் என்று போய்க் கேட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்களிலேயே பலருக்கு நம்பிக்கை இல்லை. தங்கள் வீட்டில் பேதி என்றால் மாத்திரைக்கு ஓடினார்கள். அப்புறம் அவர்களை அழைத்து அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். தாயின் எதிரில் முதல் வாயைத் தாங்களே குடித்துக் காட்டச் சொன்னார்கள். அதுவரை ஒதுக்கி வைத்திருந்த ஆண்களிடமும் சந்தையிலும் மசூதியிலும் போய்ப் பேசினார்கள். பிறகுதான் வழக்கம் மாறியது.

என் வகுப்பறையில்

இதைப் படித்துவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பதினைந்து பேர். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்க வேண்டும். எனக்கு நேரம் இல்லை. இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் எழுதுகிறேன், அந்த மனு நியாயமானது, அதை விடப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு வகுப்பில் நின்று, இந்தக் கட்டடத்தில் சும்மா இருக்கிற காதுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்து இருபது நிமிடம் வேப்ப மரத்தடியில்தான் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளையைக் கொடுத்தேன்.

முதல் மாதம் வீணாகப் போனது. பெரிய பிள்ளைகள் தாங்களே வாசித்துக் காட்டிவிட்டு ஓடினார்கள். குட்டி டீச்சராகக் குச்சி எடுத்தவர்களும் உண்டு. பிறகு ஒரே ஒரு விதி வைத்தேன். நீ வாயைத் திறக்கக் கூடாது, விரலை வைத்து எழுத்தைக் காட்டலாம், காத்திருக்கலாம். ஒரு நிமிடத்துக்கு ஒரு சொல் வந்தாலும் சரி. இதைச் சொல்லும்போது எனக்கு அந்தத் தாழ்வாரமும் பாலாடையும் ஞாபகம் வந்தன. பதினைந்து பேரில் ஒன்பது பேர் இந்த ஆண்டு தடுமாறாமல் வாசிக்கிறார்கள். மீதி ஆறு பேருக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது, அது என்னவென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருத்திக்குக் கண்ணாடி தேவை என்பது மட்டும் போன வாரம் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான். "சார், அவ புத்தகத்த மூக்குல வெச்சுப் படிக்கிறா."

மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவர் பெயர் எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஐந்து கோடிக்கும் அதிகமான உயிர்களை இந்தக் கரைசல் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற இந்தக் கரைசலின் பெயரை ஒட்டிக்கொண்டு, சர்க்கரை அதிகமான பானங்கள் பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதுவும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை இன்னும் வெளியே இழுக்கும். பேதிக்கு அதையே கொடுத்தால் பிள்ளையின் நிலைமை மோசமாகும். பொட்டலம் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள், எவ்வளவு தண்ணீரில் கரைக்கச் சொல்கிறதோ அவ்வளவிலேயே முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைக்காதீர்கள்.

போன மாதம் அம்மாவுக்குப் பேதி. ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்த இரவு. வயது எழுபத்தெட்டு. மகளுக்கு இப்போது பதினொன்று. அலமாரியில் எப்போதும் நான்கு பொட்டலம் இருக்கும், அவளே எடுத்து ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்தாள். பாட்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சின்ன டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்டா" என்றார். மகள் டம்ளரை வாங்கித் தானே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். அவளுக்கு நான் வங்கதேசக் கதையைச் சொன்னதில்லை. அம்மா மறுபடி குடித்தார். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து தானே நடந்து பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து படுத்தார். போர்வையை இழுத்துவிட்டபோது கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எல்லாம் சரி, காலைல போயி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வந்துடலாமாடா?"